இரு குழந்தைகளுக்குத் தாய். ஏழு முறை விம்பிள்டன் ராணி!

டென்னிஸ் வீராங்கனை டோரோதியா சேம்பர்ஸ் வாழ்க்கை

1919-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி. சனிக்கிழமை.

லண்டன் நகரை அடுத்த விம்பிள்டனில் ஒரே ஜனத்திரள். டென்னிஸ் மைதானத்தைச் சுற்றி சுமார் 8 ஆயிரம் பேர் நெருக்கியடித்துக் கொண்டு நின்றார்கள். இங்கிலாந்து மன்னர் 5-ம் ஜார்ஜ் வந்திருந்தார். ராணி மேரியும், இளவரசியும் வந்திருந்தார்கள்.

மைதானத்துக்குள் இரண்டு பெண்கள் இறங்கினார்கள்.

ஒருத்தி பிரான்சு தேசத்துப் பெண். பெயர் சூசன் லெங்லன். வயது 20. துள்ளித் திரியும் மான் போல் இருந்தாள்.

இன்னொருவர் இங்கிலாந்துக்காரர். பெயர் டோரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸ். வயது 40. இரண்டு குழந்தைகளுக்குத் தாய்.

மகள் வயதுப் பெண்ணுடன் இந்த அம்மாள் எப்படி ஆடப் போகிறார்? எத்தனை நேரம் தாக்குப் பிடிப்பார்?

மன்னர் குடும்பம் முன்னிலையில் அன்று நடந்த ஆட்டத்தைப் பற்றி, நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இன்னும் பேசுகிறார்கள். அதைத் தெரிந்து கொள்ளுமுன், அந்தத் தாயின் கதையைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

பாதிரியார் மகள்

லண்டனுக்கு மேற்கே ஈலிங் என்று ஓர் ஊர். அங்கே டக்ளஸ் என்ற பாதிரியார் இருந்தார். அவருடைய மகள்தான் டோரோதியா. பிறந்தது 1878-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி.

பாதிரியார் வீட்டுப் பெண் என்றால் கோவில் உண்டு, வீடு உண்டு என்று இருப்பதுதான் வழக்கம். டோரோதியா அப்படி இல்லை. சிறு வயது முதலே விளையாட்டில் ஆசை. ஹாக்கி ஆடினார். இறகுப் பந்து ஆடினார். எல்லாவற்றிலும் மேலாக டென்னிஸ் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்தார்.

உலகில் உள்ள டென்னிஸ் பந்தயங்களில் மிகப் பழமையானது விம்பிள்டன் பந்தயம். 1877-ம் ஆண்டு தொடங்கியது. பெண்களுக்கான பந்தயம் 1884-ம் ஆண்டு சேர்க்கப்பட்டது. அதில் வெல்பவரை உலகமே கொண்டாடும்.

1900-ம் ஆண்டு டோரோதியா முதன் முதலாக விம்பிள்டனில் ஆடினார். பட்டம் கிடைக்கவில்லை. அவர் சோர்ந்து போகவில்லை. ஆண்டு தோறும் போய் ஆடினார். 1903-ம் ஆண்டு பலன் கிடைத்தது. இறுதி ஆட்டத்தில் எதெல் தாம்சன் என்ற பெண்ணைத் தோற்கடித்து, முதல் தடவையாகப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 24.

அடுத்த ஆண்டும் அவரே வென்றார்.

கணுக்கால் வரை பாவாடை

அந்தக் காலத்துப் பெண்கள் எப்படி உடுத்திக் கொண்டு ஆடினார்கள் தெரியுமா?

கணுக்கால் வரை தொங்கும் பாவாடை. அதற்குள் இன்னும் உள் பாவாடைகள். இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கச்சு. முழங்கை தாண்டி மணிக்கட்டு வரை சட்டைக் கை. இத்தனையையும் சுமந்து கொண்டு வெயிலில் ஓட வேண்டும், குனிய வேண்டும், தலைக்கு மேல் வரும் பந்தை எட்டி அடிக்க வேண்டும்.

டோரோதியா வீணாக ஓடி அலைய மாட்டார். மைதானத்தின் பின் கோட்டருகே நின்று கொள்வார். பந்தை எங்கே போட்டால் எதிரி தடுமாறுவாரோ, அங்கே குறி தவறாமல் போடுவார். எதிரி முன்னால் வந்தால், அவர் தலைக்கு மேல் பந்தைத் தூக்கி அனுப்புவார். எதிரி பின்னால் நின்றால், வலைக்கருகே பந்தை மெதுவாகத் தட்டிப் போடுவார். பொறுமையாக ஆடி, எதிரியைத் தவறு செய்ய வைப்பார்.

அமெரிக்காவில் இருந்து வந்த எதிரி

1905-ம் ஆண்டு அமெரிக்காவில் இருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் மே சட்டன். வயது 18. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக் கொண்டு, ஆண் பிள்ளை போல் ஓங்கி அடித்தாள். டோரோதியா தோற்றார். அயல் நாட்டுக்காரர் ஒருவர் விம்பிள்டன் பட்டத்தைக் கொண்டு போனது அதுவே முதல் தடவை.

1906-ல் டோரோதியா அந்தப் பட்டத்தைத் திரும்பப் பிடித்தார். 1907-ல் மே சட்டன் மறுபடியும் பறித்துக் கொண்டாள்.

அதே 1907-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் டோரோதியாவுக்கு ஈலிங்கில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை ராபர்ட் லாம்பர்ட் சேம்பர்ஸ். வியாபாரம் செய்பவர். அது முதல் டோரோதியா, திருமதி லாம்பர்ட் சேம்பர்ஸ் ஆனார்.

திருமணம் ஆன பிறகும் அவர் மட்டையைக் கீழே வைக்கவில்லை. 1908-ம் ஆண்டு லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அதில் பெண்கள் டென்னிசில் தங்கப் பதக்கம் வாங்கினார்.

வழி காட்டிய தாய்

அதே 1908-ம் ஆண்டு விம்பிள்டனில் ஓர் அதிசயம் நடந்தது.

ஷார்லட் ஸ்டெரி என்ற வீராங்கனை. வயது 37. இரண்டு குழந்தைகள் பெற்றவர். காதும் கேட்காது.  அவரோ எல்லோரையும் வென்று பட்டம் பெற்று விட்டார். வழியில் அவரிடம் தோற்றவர்களில் ஒருவர், டோரோதியா!

பிள்ளை பெற்ற பெண் பட்டம் வெல்ல முடியும் என்பதை டோரோதியா ஏட்டில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. எதிரே நின்று ஆடி, தோற்று, தெரிந்து கொண்டார்.

மறு ஆண்டே அவருக்கும் அந்தச் சோதனை வந்தது.

முதல் குழந்தை

1909-ம் ஆண்டு டோரோதியா விம்பிள்டனில் ஆடவில்லை. அவர் தாயானார்.

அவருக்கு அப்போது 30 வயது. மூன்று பட்டம் வென்றாகி விட்டது. தங்கப் பதக்கமும் இருக்கிறது. இதோடு ஆட்டத்தை விட்டு வீட்டோடு இருந்தால் யாரும் குறை சொல்லி இருக்க மாட்டார்கள். சொல்லப் போனால், அன்றைய சமுதாயம் எதிர்பார்த்ததே அதைத்தான். பெண்கள் ஓடி ஆடி விளையாடினால் உடம்புக்குக் கெடுதி, முகத்தின் அழகு கெட்டு விடும் என்றெல்லாம் எழுதிக் கொண்டிருந்த காலம் அது.

பிள்ளைப்பேறு என்பது சாதாரணமா? வயிற்றுத் தசை தளர்ந்து போகும். முதுகு வலிக்கும். பழைய மூச்சு வருவதற்கே மாதக்கணக்கில் ஆகும். இந்தக் காலத்து வீராங்கனைகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தர ஆள் உண்டு; கூடவே வைத்தியர் உண்டு; பரிசுப் பணம் உண்டு. டோரோதியா காலத்தில் விம்பிள்டனில் ஆடியவர்களுக்கு ஒரு காசு பரிசு கிடையாது.

ஆனாலும் அவர் திரும்பி வந்தார்.

1910-ம் ஆண்டு. அன்று விம்பிள்டனில் ஒரு விதி இருந்தது. முந்திய ஆண்டு வென்றவர் முதலில் ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் எல்லோரும் தங்களுக்குள் மோதிக் கொள்வார்கள். அதில் தேறி வருபவருடன் கடைசியாக ஒரே ஓர் ஆட்டம் ஆடினால் போதும். அந்தச் சலுகை அந்த ஆண்டு டோரா பூத்பிக்குக் கிடைத்தது. 1909-ல் பட்டம் வென்றவர் அவர்.

டோரோதியாவுக்குச் சலுகை இல்லை. புதிதாக ஆட வருபவர்களைப் போல, முதல் படியில் இருந்து ஏறி வர வேண்டும். ஏறி வந்தார். ஒவ்வொருவராக வென்றார். கடைசியில் டோரா பூத்பியையும் 6-2, 6-2 என்று தோற்கடித்தார்.

பட்டம் மீண்டும் அவர் கைக்கு வந்தது. இப்போது அவர் ஒரு குழந்தையின் தாய்.

பெண்களுக்காக ஒரு புத்தகம்

அதே 1910-ம் ஆண்டு அவர் ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். பெண்களுக்கு டென்னிஸ் கற்றுத் தரும் புத்தகம்.

மட்டையை எப்படிப் பிடிப்பது, பந்தை எப்படி அடிப்பது, பந்தயத்தில் மனம் பதறாமல் இருப்பது எப்படி என்று விளக்கி இருந்தார். எந்த உடை உடுத்தி ஆடுவது நல்லது என்றும் சொல்லி இருந்தார். பாவாடை தரையைக் கூட்டக் கூடாது. சில அங்குலமாவது மேலே நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. விளையாட்டு பெண்ணின் உடலுக்குக் கேடு என்று சொன்னவர்களுக்கு அந்தப் புத்தகத்திலேயே பதிலும் இருந்தது.

பதிலை எழுதியவர் ஒரு தாய். அந்த ஆண்டு விம்பிள்டன் பட்டத்தை வென்றவர். அதைவிடப் பெரிய சாட்சி வேறு என்ன வேண்டும்?

ஒரு கேம் கூடத் தரவில்லை!

டென்னிசில் ஆறு கேம் எடுத்தால் ஒரு செட். அந்தக் காலத்தில், எதிரியைவிட இரண்டு கேமாவது கூடுதலாகவும் இருக்க வேண்டும். பெண்கள் ஆட்டத்தில், மூன்று செட்டில் இரண்டைப் பிடித்தவருக்கு வெற்றி.

1911-ம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் டோரோதியாவும் டோரா பூத்பியும் மீண்டும் மோதினார்கள். முடிவு என்ன? 6-0, 6-0!

பூத்பிக்கு ஒரு கேம் கூடக் கிடைக்கவில்லை. விம்பிள்டன் பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் இப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

உலகின் நான்கு பெரிய டென்னிஸ் பந்தயங்களில், இதே போல ஒற்றையர் இறுதி ஆட்டம் முடிவதற்கு 77 ஆண்டுகள் பிடித்தன. 1988-ம் ஆண்டு பாரிசில் ஜெர்மன் வீராங்கனை ஸ்டெபி கிராப் அப்படி வென்றார்.

இரண்டாவது குழந்தை

1912-ம் ஆண்டு டோரோதியாவுக்கு இரண்டாவது பிள்ளைப்பேறு. அந்த ஆண்டும் அவர் பந்தயத்துக்குப் போகவில்லை.

இந்தத் தடவை நட்டம் பெரிது. அவர்தான் முந்திய ஆண்டு வென்றவர். போயிருந்தால் ஒரே ஓர் ஆட்டம் ஆடினால் போதும். போகாததால் பட்டம் கை மாறியது. அதை வென்றவர் திருமதி லார்கோம். இவர் வேறு யாரும் அல்ல. 1903-ல் டோரோதியாவிடம் தோற்றாரே எதெல் தாம்சன், அவர்தான். திருமணத்தால் பெயர் மாறி இருந்தது.

1913-ல் டோரோதியா மறுபடி வந்தார். மறுபடியும் முதல் படியில் இருந்து ஏற வேண்டி இருந்தது. ஏறினார். கடைசியாக வினிபிரெட் மெக்னேர் என்பவரை 6-0, 6-4 என்று வென்றார். அடுத்து லார்கோமுடன் மோத வேண்டும். ஆனால் லார்கோம் வேறோர் ஆட்டத்தில் பந்து முகத்தில் பட்டுக் காயம் அடைந்து விட்டார். அவரால் ஆட முடியவில்லை. பட்டம் டோரோதியாவுக்கு வந்தது.

காயம்பட்ட எதிரியிடம் வாங்கிய பட்டம் என்று யாராவது முணுமுணுத்திருந்தால், அதற்கு மறு ஆண்டு பதில் கிடைத்தது. 1914-ல் லார்கோம் நல்ல உடல் நலத்துடன் வந்தார். டோரோதியா அவரை 7-5, 6-4 என்று வென்றார்.

இது ஏழாவது பட்டம். அதற்கு முன் எந்தப் பெண்ணும் ஏழு தடவை வென்றதில்லை. ஏழில் மூன்று, தாயாவதற்கு முன் வென்றவை. நான்கு, தாயான பின் வென்றவை!

யுத்தம் வந்தது

1914-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்து யுத்தத்தில் இறங்கியது. முதல் உலக மகா யுத்தம். ஊரெங்கும் சாவுச் செய்தி. விளையாட்டுக்கு ஏது நேரம்? 1915 முதல் 1918 வரை, நான்கு ஆண்டுகள் விம்பிள்டன் பந்தயம் நடக்கவில்லை.

டோரோதியாவுக்கு 36 வயது, 37 வயது என்று ஏறிக் கொண்டே போயிற்று. ஆட்டக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டும் விலை மதிக்க முடியாதது. அந்த நான்கு ஆண்டுகளை யுத்தம் விழுங்கி விட்டது.

1919-ல் பந்தயம் மீண்டும் தொடங்கியது. கடைசியாகப் பட்டம் வென்றவர் டோரோதியா. ஆகவே அவர் காத்திருக்க, மற்றவர்கள் ஆடினார்கள். எல்லோரையும் வென்று எதிரே வந்து நின்றவள்தான் சூசன் லெங்லன்.

இரண்டே புள்ளி!

சூசன், முழங்காலுக்குச் சற்றே கீழ் வரை வரும் சிறிய கவுன் அணிந்திருந்தாள். குட்டைக் கை. இடுப்பை இறுக்கும் கச்சு இல்லை. அந்த உடையைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்கள். டோரோதியாவோ பழைய வழக்கப்படி நீண்ட பாவாடையுடன் வந்தார்.

முதல் செட் இழுத்துக் கொண்டே போயிற்று. ஆறில் முடிய வேண்டிய செட், 10-8 என்று முடிந்தது. சூசனுக்கு வெற்றி.

40 வயது அம்மாள் களைத்திருப்பார் என்று ஜனங்கள் நினைத்தார்கள். களைத்தது சூசன்தான்! அவளுடைய தந்தை, பிராந்தியில் தோய்த்த சர்க்கரைக் கட்டிகளைக் கொடுத்து மகளுக்குத் தெம்பூட்டினார். இரண்டாவது செட்டை டோரோதியா 6-4 என்று எடுத்துக் கொண்டார்.

இனி மூன்றாவது செட். அதில் சூசன் 4-1 என்று முந்தினாள். கதை முடிந்தது என்றே தோன்றியது. டோரோதியா விடவில்லை. ஒவ்வொரு கேமாகப் பிடித்து மேலே வந்தார். 6-5 என்று அவரே முந்தி விட்டார்.

அடுத்த கேம் நடந்தது. டென்னிசில் 15, 30, 40 என்று புள்ளி எண்ணுவார்கள். 40-ல் இருப்பவர் இன்னொரு புள்ளி எடுத்தால் கேம் அவருக்கு. டோரோதியாவுக்கு 40. சூசனுக்கு 15. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் எட்டாவது பட்டம்! அந்த ஒரு புள்ளியை எடுக்க இரண்டு வாய்ப்பு அவருக்கு இருந்தது.

முதல் வாய்ப்பு. சூசன் பாய்ந்து மட்டையை நீட்டினாள். பந்து நரம்பில் படவில்லை. மட்டையின் மரச் சட்டத்தில் பட்டது. அப்படியும் வலையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது! டோரோதியாவால் எட்ட முடியவில்லை.

இரண்டாவது வாய்ப்பு. இம்முறை சூசன் புறங்கை வீச்சில் பந்தை ஓரக் கோட்டையொட்டி அனுப்பினாள். அதுவும் போயிற்று.

இரண்டே அடியில் ஆட்டம் திரும்பி விட்டது. கடைசியில் சூசன் 9-7 என்று வென்றாள்.

மொத்தம் 44 கேம். விம்பிள்டன் பெண்கள் இறுதி ஆட்டத்தில் அத்தனை கேம் அதற்கு முன் ஆடியதில்லை. அந்தக் கணக்கு 1970-ம் ஆண்டு வரை, 51 ஆண்டுகள் முறியடிக்கப்படவில்லை.

டோரோதியா தோற்றார். ஆனால் அவர் வென்ற ஏழு ஆட்டங்களைவிட, தோற்ற இந்த ஓர் ஆட்டம்தான் அவர் புகழை உலகெங்கும் கொண்டு சென்றது.

மறுபடியும்!

தோற்றவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து விட்டாரா? இல்லை.

மறு ஆண்டு, 1920-ல், 41 வயதில் மீண்டும் வந்தார். இப்போது சலுகை சூசனுக்கு. டோரோதியா முதல் படியில் இருந்து ஏற வேண்டும். இப்படி ஏறுவது அவருக்குப் பழகிப் போன காரியம். அமெரிக்கப் பட்டம் பல தடவை வென்ற மோலா மல்லோரியைத் தோற்கடித்தார். எலிசபெத் ரையன் என்ற வலிய வீராங்கனையையும் தோற்கடித்தார். கடைசியில் சூசனிடம் 6-3, 6-0 என்று தோற்றார். ஒரே ஆண்டில் சூசன் மிகவும் வளர்ந்து விட்டாள்.

அதன் பிறகும் முடியவில்லை. இங்கிலாந்துப் பெண்களும் அமெரிக்கப் பெண்களும் மோதும் வைட்மன் கோப்பைப் பந்தயம் 1923-ல் தொடங்கியது. 1925-ம் ஆண்டு அந்தப் பந்தயம் அமெரிக்காவில் நடந்தது. டோரோதியா கடல் கடந்து போய் ஆடினார். அவருக்கு வயது 46. ஒற்றையர் ஆட்டத்தில், தம்மைவிட மிகவும் இளையவரான எலினார் காஸ் என்பவரை வென்றார்.

இரட்டையர் ஆட்டத்திலும் அவருக்கு வெற்றி. அன்று வலைக்கு அப்பால் நின்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? இருபது ஆண்டுகளுக்கு முன் சட்டைக் கையைச் சுருட்டிக் கொண்டு வந்தாளே, அந்த மே சட்டன்! அவரும் இப்போது பிள்ளை பெற்ற தாய்.

அந்த ஆண்டு இங்கிலாந்து 4-3 என்று கோப்பையை வென்றது. டோரோதியா எடுத்துக் கொடுத்த வெற்றிகள் இல்லாவிட்டால் கோப்பை கிடைத்திராது.

கற்றுத் தரும் வேலை

1928-ம் ஆண்டு அவர் டென்னிஸ் கற்றுத் தருவதையே தொழிலாக ஏற்றார். அந்தக் காலத்தில், சம்பளம் வாங்கிக் கொண்டு ஆடுபவரும் கற்றுத் தருபவரும் விம்பிள்டனில் ஆட முடியாது. ஆகவே அத்துடன் அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்தது. முதல் ஆட்டத்தில் இருந்து 28 ஆண்டுகள் ஆகி இருந்தன.

சூசன் லெங்லன் ஆறு தடவை விம்பிள்டன் பட்டம் வென்றார். ஆனால் 1938-ல், 39-வது வயதிலேயே இறந்து போனார். 1919-ல் அவரை எதிர்த்து டோரோதியா ஆடிய வயதைக்கூட அவர் எட்டவில்லை.

டோரோதியா நீண்ட காலம் வாழ்ந்தார். 1960-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி லண்டனில் காலமானார். வயது 81.

66 ஆண்டுகள்

அவருக்குப் பின் எத்தனையோ வீராங்கனைகள் வந்தார்கள். அவரைவிட அதிகப் பட்டம் வென்றவர்களும் உண்டு. ஆனால் 1914-க்குப் பிறகு, பிள்ளை பெற்ற ஒரு தாய் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வெல்வதற்கு 66 ஆண்டுகள் ஆயின. 1980-ம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களில் பிறந்த ஈவான் கூலகாங் என்ற தாய் அதைச் செய்தார். அவருடைய மகளுக்கு அப்போது மூன்று வயது.

கூலகாங் ஆடிய காலத்தில் பாவாடை குட்டையாகி இருந்தது. கச்சு போய் விட்டது. பரிசுப் பணமும் வந்து விட்டது. இவை ஒன்றும் இல்லாத காலத்தில், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை பிள்ளை பெற்று எழுந்து வந்து பட்டத்தைப் பிடித்தவர், ஈலிங் பாதிரியாரின் மகள்.

இரண்டு தடவையும் அவருக்காக யாரும் இடம் பிடித்து வைத்திருக்கவில்லை. இரண்டு தடவையும் அவர் முதல் படியில் இருந்துதான் ஏறினார்.